உலக முஸ்லிம் மக்கள்தொகை வரைபடம்: எந்தப் பிரிவு எங்கே, எவ்வளவு? அச்சுக்கு முன் திருத்தம் தேவை

பலகைக்காரன்:
நூலகக் கண்காட்சிக்கு 6 அடிக்கு 4 அடியில் ஒரு சுவர்ப்பலகை தயாராகிறது. நடுவில் உலக வரைபடம், ஓரத்தில் எண்கள். வரைவு இது:

1. உலகில் முஸ்லிம்கள் 160 கோடி, மக்கள்தொகையில் 23%.
2. மூன்று நிறம்: சன்னி பச்சை, ஷியா கறுப்பு, சூஃபி நீலம்.
3. சன்னி 85%, ஷியா 15%.
4. முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் பகுதி மத்திய கிழக்கு.
5. லெபனான் மக்களில் பாதிப்பேர் ஷியா.
6. ஒரு நாட்டுக்கு ஒரே நிறம்.

எங்கெல்லாம் தப்பு? தயங்காமல் சொல்லுங்கள்.

எண்சுவடி:
ஆறும் தப்புதான், ஆனால் ஆறும் வெவ்வேறு வகைத் தப்பு. வரிசையாக வருகிறேன்.

160 கோடி, 23% என்பது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2010ஆம் ஆண்டுக்கு முதலில் சொன்ன எண். 2025இல் வந்த அவர்களுடைய அறிக்கைப்படி 2020இல் 200 கோடி, உலக மக்களில் 25.6%. இதில் ஒரு குழி இருக்கிறது. புதிய அறிக்கை 2010க்கான எண்ணையும் திருத்தி 170 கோடி, 23.9% என்று ஆக்கிவிட்டது. பழைய அறிக்கையின் 160ஐயும் புதியதன் 200ஐயும் கழித்து "பத்தாண்டில் 40 கோடி கூடியது" என்று எழுதினால் தவறு. கூடியது 34.7 கோடி. ஒரே அறிக்கைக்குள் இருக்கும் இரண்டு எண்களை மட்டும்தான் கழிக்கலாம்.

நாலாவது வரி: மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் சேர்ந்தே உலக முஸ்லிம்களில் ஐந்தில் ஒரு பங்குதான். ஏறத்தாழ அறுபது சதவீதம் ஆசிய–பசிபிக் பகுதியில் இருக்கிறார்கள். இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம் என்ற நான்கு நாடுகளையும் கூட்டினாலே மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா முழுவதையும் தாண்டிவிடும். மத்திய கிழக்கில் விகிதம் அதிகம், ஆசியாவில் எண்ணிக்கை அதிகம். பலகையில் இரண்டையும் ஒரே நிறச் செறிவில் காட்டப் பார்க்காதீர்கள். விகிதத்துக்கு நிறம், எண்ணிக்கைக்கு வட்டம்.

கொண்டல்:
இரண்டாவது வரியில் சூஃபியை முதலில் எடுத்துவிடுங்கள். அது சன்னி, ஷியாவுக்குப் பக்கத்தில் வைக்கும் மூன்றாவது பிரிவல்ல. தரீக்கா எனும் சூஃபி நெறி ஒருவர் தன் மத்ஹபோடு (சட்ட மரபோடு) சேர்த்தே வைத்திருப்பது. சன்னிகளின் மத்ஹபுகள் நான்கு: ஹனஃபி, ஷாஃபி, மாலிகி, ஹன்பலி. செனகலில் முரீதிய்யா, திஜானிய்யா தரீக்காக்காரர்கள் சட்டத்தில் மாலிகி. காயல்பட்டினத்தில் ஷாதுலிய்யாவைப் பின்பற்றுபவர் சட்டத்தில் ஷாஃபி. நீல நிறம் போட்டால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியதாகும்.

நீலம் மிச்சமாகிவிட்டதே என்று கவலை வேண்டாம், அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள்: இபாழிகள். சன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை. ஓமானில் பெரும் பகுதியினர். அங்கே தவிர அல்ஜீரியாவின் மிஸாப் பள்ளத்தாக்கு (கர்தாயா நகரத்தைச் சுற்றி), துனீசியாவின் ஜெர்பா தீவு, லிபியாவின் நஃபூசா மலை, பிறகு ஓமான் சுல்தான்களின் ஆட்சியால் ஸான்ஸிபார். தீவு, மலை, பாலைவனப் பள்ளத்தாக்கு என்று ஒதுங்கிய இடங்களாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

எண்சுவடி:
மூன்றாவது வரிக்கு வருகிறேன், சண்டை வரப்போவதும் இங்கேதான்.

ஷியா பங்கை யாரும் தலை எண்ணிச் சொல்லவில்லை. பெரும்பாலான கணக்கெடுப்புகள் பிரிவைக் கேட்பதே இல்லை:

– இந்தியா: மதம் உண்டு, பிரிவு இல்லை. 2011இல் முஸ்லிம்கள் 17.22 கோடி, 14.2%. இதில் ஷியா எத்தனை என்று எந்த அரசு அட்டவணையிலும் கிடையாது.
– பாகிஸ்தான்: மதம் உண்டு, அஹ்மதியாவுக்குத் தனிக் கட்டம் உண்டு, சன்னி–ஷியா கேள்வி இல்லை.
– நைஜீரியா: மதத்தைக் கேட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1963. 1991இலும் 2006இலும் மதக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.
– லெபனான்: கடைசிக் கணக்கெடுப்பே 1932. ஆட்சிப் பதவிகள் பிரிவுவாரியாகப் பங்கிடப்படுவதால் மறுபடி எண்ண யாருக்கும் துணிவில்லை.
– இராக்: 2024 நவம்பர் கணக்கெடுப்பில் இனமும் பிரிவும் கேட்கப்படவில்லை.
– சீனா: மதமே இல்லை. ஹுய், உய்குர், கஸாக் முதலான பத்து இனங்களின் தொகையைக் கூட்டி "முஸ்லிம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொழாதவரும் சேர்வார், மதம் மாறிய ஹான் இனத்தவர் விடுபடுவார்.
– பிரான்ஸ், அமெரிக்கா: மதம் கேட்பதில்லை. இங்கிலாந்து–வேல்ஸில் 2001 முதல் கேட்கிறார்கள், விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். 2021இல் 6.5%.

பிரித்து எண்ணும் அபூர்வ நாடு அல்பேனியா. அங்கே பெக்தாஷிகளுக்கு (ஷியாச் சாயல் கொண்ட சூஃபி மரபினர்) தனி வரி. 2023இல் முஸ்லிம்கள் 46% அளவு, பெக்தாஷி 5% அளவு.

ஆக உங்களிடம் இருப்பது மதிப்பீடு மட்டும். பியூ 2009இல் சொன்னது: உலக முஸ்லிம்களில் ஷியா 10–13%, சன்னி 87–90%. நீங்கள் போட்ட 15% வரம்புக்கு வெளியே நிற்கிறது. அந்த மதிப்பீட்டையே 2020இன் 200 கோடியோடு பெருக்கினால் 20 முதல் 26 கோடி. "சுமார் 23 கோடி" என்று நடு எண்ணை எழுதிவிடாதீர்கள். நடு எண் எழுதியவுடன் அது எண்ணிப் பார்த்த எண் போல ஆகிவிடும்.

தராசுமுள்:
2009 மதிப்பீட்டை 2020 தொகையோடு பெருக்குவது மட்டும் சரியா? ஒரு பிரிவின் பிறப்பு விகிதம் இன்னொன்றைவிடக் குறைவாக இருந்தால் பங்கு மாறியிருக்குமே.

எண்சுவடி:
சரியான குத்து. ஷியாக்கள் மிக அதிகமாக வாழும் நாடு ஈரான். அங்கே பிறப்பு விகிதம் 1980களின் பிற்பகுதியிலிருந்து வேகமாகச் சரிந்தது. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் முஸ்லிம் தொகை வேகமாகக் கூடுகிறது, அங்கே ஏறக்குறைய எல்லாரும் சன்னி. எனவே பங்கு மாறினால் ஷியா பக்கம் குறையத்தான் வாய்ப்பு, கூட அல்ல. பலகையில் "2009 மதிப்பீட்டு விகிதம், 2020 மக்கள்தொகை" என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதிவிட்டால் பொய் சொன்னதாகாது.

நாட்டுவாரி வரம்புகளும் அதே அறிக்கையிலிருந்து. கவனம், நாட்டின் மக்களில் அல்ல, அந்த நாட்டு முஸ்லிம்களில் ஷியா எத்தனை என்ற விகிதம்:

ஈரான் 90–95
இராக் 65–70
பஹ்ரைன் 65–75
அஜர்பைஜான் 65–75
லெபனான் 45–55
யேமன் 35–40
குவைத் 20–25
சிரியா 15–20
துருக்கி, சவூதி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா: ஒவ்வொன்றும் 10–15

உங்கள் ஐந்தாவது வரி விழுந்தது இந்தக் குழியில்தான். லெபனானில் கிறித்தவர்கள் பெரும் பங்கு. முஸ்லிம்களில் பாதி என்றால் நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே.

இந்தியாவுக்குச் செய்து பார்ப்போம்: 17.22 கோடி × 10% = 1.72 கோடி. 17.22 கோடி × 15% = 2.58 கோடி. "1.7–2.6 கோடி" என்று எழுதுங்கள். பாகிஸ்தானுக்கும் இதே போல. இந்த இரண்டும் ஈரான், இராக்கும் சேர்ந்தால் உலக ஷியாக்களில் 68 முதல் 80 சதவீதம் வந்துவிடும். வளைகுடா நாடுகளை மட்டும் கறுப்பாகத் தீட்டி, லக்னோவை விட்டுவிடும் வரைபடங்கள்தான் இணையத்தில் அதிகம்.

பலகைக்காரன்:
அருமை. அப்படியானால் ஷியா என்றே ஒரே நிறம் போதுமா? யேமன் ஷியாவும் ஈரான் ஷியாவும் ஒன்றா?

கொண்டல்:
இல்லை. நிறம் ஒன்றாக இருக்கட்டும், கோடு மாறட்டும்.

பன்னிரு இமாமிகள் (நபியின் குடும்ப வழியில் வந்த பன்னிரண்டு இமாம்களை, அதாவது தலைவர்களை, ஏற்பவர்கள்): ஈரான், இராக், அஜர்பைஜான், பஹ்ரைன், தெற்கு லெபனான், ஆப்கானிஸ்தானின் ஹஸாராக்கள், லக்னோ, ஹைதராபாத். ஷியாக்களில் மிகப் பெரும்பான்மை இவர்களே. சென்னை அண்ணா சாலை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலும் ஷியா பள்ளிவாசல்தான். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது.

ஸைதிகள்: யேமனின் வடக்கு மலைப்பகுதி. நான்காம் இமாமின் மகன் ஸைதின் பெயரால். இவர்களுடைய இமாம்கள் 1962 வரை அங்கே ஆட்சியே செய்தார்கள். சட்டத்தில் சன்னிகளுக்கு மிக நெருக்கம்.

இஸ்மாயிலிகள்: 765இல் ஆறாம் இமாம் ஜஃபர் சாதிக் மறைந்தபின் அவருடைய மகன் இஸ்மாயிலின் வழியை ஏற்றவர்கள். 1094இல் எகிப்தின் பாத்திமிய கலீஃபா முஸ்தன்சிர் இறந்ததும் மறுபடி இரண்டானார்கள். நிஸாரிகளுக்கு ஆகாகான் தலைவர்: தஜிகிஸ்தானின் பதக்ஷான், பாகிஸ்தானின் ஹன்சா, சிரியாவின் ஸலமிய்யா, குஜராத்திக் கோஜாக்கள். மற்றக் கிளையிலிருந்து வந்தவர்கள் போராக்கள், தலைமை மும்பையில். சவூதியின் நஜ்ரானில் இருப்பது இதே மரபின் ஸுலைமானிக் கிளை. சீனாவில் தாஜிக் என்று எண்ணப்படும் சிறு இனமும் இஸ்மாயிலிதான். அந்த ஒரு மூலையை விட்டால் சீனா முழுவதும் சன்னி ஹனஃபி.

துருக்கியின் அலவிகளையும் சிரியாவின் அலவிகளையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தில் வந்து தொலைக்கிறது. முதலாவது அனத்தோலியாவில் வளர்ந்த மரபு, பெக்தாஷிகளுக்கு உறவு. இரண்டாவது சிரியாவின் லத்தாக்கியா மலைப்பகுதியைச் சேர்ந்தது. "துருக்கி அலவி", "சிரிய அலவி" என்று முன்னொட்டு போட்டு எழுதுங்கள்.

நெறியாளர்:
யார் முஸ்லிம், யார் இல்லை என்ற தீர்ப்பு இந்த இழையில் வேண்டாம். அது தொடர்பான இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. வரைபடத்துக்கு ஒரு விதி போதும்: கணக்கெடுப்பில் தன்னை என்னவென்று ஒருவர் சொன்னாரோ அது. பாகிஸ்தான் போல அரசே கட்டத்தை மாற்றிவைத்த இடங்களில் (அங்கே அஹ்மதியாவை முஸ்லிம் அல்லாதோர் என்று ஆக்கிய 1974 அரசியல் சட்டத் திருத்தம்) அடிக்குறிப்பு போடலாம்.

தராசுமுள்:
ஆறாவது வரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு நாட்டுக்கு ஒரு நிறம் என்பதை விட்டால் பலகை கோலமாவு கொட்டியது போல ஆகிவிடாதா?

கொண்டல்:
ஷியா–சன்னிக்கு நாட்டெல்லை ஓரளவு தாங்கும். மத்ஹபுக்குத் தாங்காது. சன்னிக்குள் நான்கு சட்ட மரபுகளையும் காட்டப்போகிறீர்கள் என்றால் எல்லைக் கோடுகளை அழித்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே இஸ்லாம் எந்தக் கப்பலில் வந்தது? இங்கே எந்த அரசு காழிகளை (இஸ்லாமிய நீதிபதிகளை) நியமித்தது?

கப்பல் என்றால் ஷாஃபி. யேமனின் ஹழ்ரமவ்த் கரையை நடுப்புள்ளியாக வைத்துக் கை விரியுங்கள். ஒரு பக்கம் சோமாலியா, கென்ய–தான்சானியக் கரை. மறுபக்கம் கொங்கணம், பட்கல், கேரளம், லட்சத்தீவு, தமிழ்க் கடற்கரை, இலங்கை, மாலைத்தீவு, அப்படியே இந்தோனேசியா, மலேசியா, புருணை, தென் தாய்லாந்து, தென் பிலிப்பைன்ஸ். இந்துமாக்கடலின் விளிம்பில் பெரும்பகுதி ஷாஃபி. 14ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு பதூதா கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் கில்வாவிலும் சுமத்ராவின் பாஸாயிலும் ஷாஃபிகளைக் கண்டு எழுதியிருக்கிறார். அவர் மொராக்கோ மாலிகி, அதனால் வேற்று மத்ஹபு கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது. நமக்கு வாய்த்த சாட்சி.

அரசு என்றால் பெரும்பாலும் ஹனஃபி. உஸ்மானியர் (துருக்கியின் ஒட்டோமான் அரசு), மத்திய ஆசிய அரசுகள், டெல்லி சுல்தான்கள், முகலாயர். ஆகவே துருக்கி, பால்கன், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வட இந்தியா, வங்கம் எல்லாம் ஹனஃபி. எகிப்தைப் பாருங்கள்: கீழ் எகிப்து மக்கள் ஷாஃபி, மேல் எகிப்து மாலிகி, குடும்பச் சட்டம் மட்டும் ஹனஃபி. உஸ்மானியர் போன பிறகும் அவர்களுடைய சட்டம் நீதிமன்றத்தில் தங்கிவிட்டது.

மாலிகி: மொராக்கோ முதல் லிபியா வரை, மேற்கு ஆப்பிரிக்கா முழுதும், சூடான். பாலைவன ஒட்டக வழியோடு போனது. ஹன்பலி: சவூதியின் நஜ்து, கத்தார். சவூதி முழுவதையும் ஹன்பலியாகத் தீட்டாதீர்கள், மேற்கே ஹிஜாஸில் ஷாஃபி மரபு பழையது.

வாவிக்கரை:
கொண்டல் காக்கா சொன்னதோட ஒரு திருத்தம். இலங்கையை முழுக்க ஷாஃபி என்று தீட்டினால் மேமன்கள் விடுபட்டுப் போவினம். அவை ஹனஃபி. போராக்கள் ஷியா. இரண்டும் சிறு தொகைதான், ஆனால் கொழும்பில் தெளிவாகத் தெரியிற தொகை.

இன்னொன்று, இலங்கைக் கணக்கெடுப்பில் "சோனகர்" என்பது இனக் கட்டம், "இஸ்லாம்" என்பது மதக் கட்டம். 2012இல் இலங்கைச் சோனகர் 18.9 லட்சம், இஸ்லாம் 19.7 லட்சம். வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மலாயர் (44 ஆயிரம்). மிச்சம் மற்றவை. பத்திரிகைகள் ஒன்றை எடுத்து மற்றதன் பெயரில் போடுகினம். இதே சிக்கல் மலேசியாவில் தலைகீழ்: அங்கே அரசியல் சட்டத்தின் 160ஆவது பிரிவுப்படி மலாய் என்றாலே முஸ்லிம். ஆனால் முஸ்லிம் எல்லாரும் மலாய் இல்லை.

கொண்டல்:
சரி நானா, புள்ளி வைத்துவிடலாம். ஒரே நாட்டுக்குள் இரண்டு மத்ஹபு உடைகிற இடங்களையும் இதோடு சேர்த்துத் தருகிறேன், பலகையின் உயிரே இவைதான்:

துருக்கி – துருக்கியர் ஹனஃபி, குர்துகள் ஷாஃபி.
ஈரானின் சன்னிகள் – குர்துகள் ஷாஃபி, பலூச்சிகளும் துருக்மேன்களும் ஹனஃபி.
ரஷ்யா – தாத்தார்கள் ஹனஃபி, தாகெஸ்தானும் செச்சினியாவும் ஷாஃபி.
தென் ஆப்பிரிக்கா – டச்சுக்காரர் காலத்தில் கேப்டவுனுக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் வழியினர் ஷாஃபி, டர்பனின் இந்திய வழியினர் பெரும்பாலும் ஹனஃபி.
ஹைதராபாத் – நகரம் ஹனஃபி, ஹழ்ரமவ்த் படைவீரர்களின் வழியினர் வாழும் பார்க்கஸ் ஷாஃபி.

பலகைக்காரன்:
தமிழ்நாட்டுக்குக் கடலோரம் ஷாஃபி, உள்நாடு ஹனஃபி என்று ஒரு கோடு போடட்டுமா?

தராசுமுள்:
போடாதீர்கள். 2011இல் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் 42.29 லட்சம், 5.86%. மத்ஹபுவாரி எண் யாரிடமும் இல்லை. கோடு போட்டால் அதைக் கணக்கெடுப்பு என்று நம்புவார்கள்.

கொண்டல்:
கோடு வேண்டாம், சாயல் போடலாம். மரைக்காயர்கள் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி, உருது பேசும் தக்னிகள் ஹனஃபி. லெப்பை ஊருக்கு ஊர் மாறும். காயல்பட்டினம், கீழக்கரை ஷாஃபி என்று தைரியமாக எழுதலாம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஹனஃபி. எந்த மத்ஹபையும் பற்றாத தவ்ஹீத் அமைப்பினர் எல்லா ஊரிலும் உண்டு, அவர்களை நிலப்படத்தில் அடைக்க முடியாது.

ஒரு பள்ளிவாசல் எந்த மத்ஹபு என்று அறிய, வாசலில் தொங்கும் தொழுகை நேர அட்டையில் அஸரை (பிற்பகல் தொழுகையை) பாருங்கள். ஷாஃபியில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் அஸர் தொடங்கும் (நண்பகல் நிழலைக் கழித்து). ஹனஃபியில் இரண்டு மடங்கானதும். நம் அட்சரேகையில் மார்கழியில் 50 நிமிட வித்தியாசம், பங்குனி முதல் ஆவணி வரை ஒரு மணிக்கு மேல். சுபுஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் என்ற வேண்டுதலை ஓதினால் ஷாஃபி. மீன்கடையிலும் தெரியும்: நண்டு ஷாஃபிக்குக் கூடும், ஹனஃபிக்குக் கூடாது. இறாலில் ஹனஃபி உலமாக்களுக்குள்ளேயே இரு கருத்து, அதை அடையாளமாக வைக்காதீர்கள்.

தராசுமுள்:
தொழுகையில் கையைக் கட்டாமல் தொங்கவிட்டால் ஷியா என்று ஒரு பதிவு எல்லா இடத்திலும் சுற்றுகிறதே, அதையும் குறிப்பில் சேர்க்கலாமா?

கொண்டல்:
சேர்த்தால் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஷியா ஆகிவிடும். மாலிகிகளில் பெரும்பாலோர் கையைத் தொங்கவிட்டுத்தான் தொழுவார்கள். இபாழிகளும் அப்படியே. தெற்காசிய சன்னிகளின் இரு போக்குகளான தியோபந்தி–பரேல்விக்கு இரண்டு நிறம் போடச் சொல்லியும் யாராவது வருவார்கள். இரண்டுமே ஹனஃபி, பிளவு சட்டத்தில் அல்ல.

பலகைக்காரன்:
கடைசிச் சந்தேகம். முதலிடம் இந்தோனேசியாவா பாகிஸ்தானா? இரண்டு விதமாகவும் பார்க்கிறேன்.

எண்சுவடி:
இந்தோனேசியா, ஆனால் மயிரிழையில். 2020இல் இந்தோனேசிய மக்கள்தொகை 27.02 கோடி. 2010இல் கண்ட 87.18% விகிதத்தை வைத்தால் 23.5 கோடிக்குச் சற்று மேல். பாகிஸ்தான் 2023 கணக்கெடுப்பில் 24.15 கோடி, முஸ்லிம் 96.35%, அதாவது 23 கோடிக்குச் சற்று மேல். ஆனால் மூன்று ஆண்டு இடைவெளி உள்ள எண்கள் இவை. ஒன்றை 2020, மற்றதை 2025 மதிப்பீட்டிலிருந்து எடுத்தால் வரிசை புரண்டுவிடும். "இந்தோனேசியா, பாகிஸ்தான் – ஒவ்வொன்றும் 23 கோடிக்கு மேல்" என்று ஒரே வட்ட அளவில் போடுங்கள். 2 மி.மீ. வித்தியாசத்துக்காகச் சுவர் முன்னால் சண்டை வேண்டாம்.

இந்தோனேசிய எண்ணைப் பற்றி ஒரு குறிப்பு: அடையாள அட்டையில் மத வரி இருக்கிறது. ஜாவாவின் பழைய நம்பிக்கைகளோடு வாழ்கிறவர்களும் நெடுங்காலம் இஸ்லாம் என்றே பதிந்துவந்தார்கள். அவர்களுக்குத் தனியாக எழுத வழி பிறந்தது 2017 அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பில்.

பலகைக்காரன்:
திருத்திய வரைவை ஏற்றிவிட்டேன். சூஃபி நீக்கம். இபாழி நீலம். ஷியாவுக்கு மூன்று வகைக் கோடு. மத்ஹபு தனிப் படம், எல்லைக்கோடு இல்லாமல். எண்கள் எல்லாம் வரம்பாக, ஆண்டோடு. பார்த்துச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
நல்லாயிருக்கு. கொமொரோஸ் தீவுகள் வெள்ளையாக் கிடக்குது, அதுவும் ஷாஃபி. மாலைத்தீவுப் புள்ளியை இன்னும் பெரிசாப் போடுங்கோ, 6 அடிப் பலகையில் அச்சு அழுக்கு எண்டு நினைச்சுத் துடைக்கப் பார்ப்பினம்.